கணிப்பொறித் திரையில் ஓர் உதிரிப்பாகம்

ஹௌராவின் வார்ப்படச் சாலைகளிலும், ராஜ்கோட்டின் டீசல் எஞ்சின் உதிரிப்பாகத் தொழிற்கூடங்களிலும், லூதியானாவின் மிதிவண்டி உறுப்புப் பட்டறைகளிலும் உற்பத்தியாகும் பொருள்களில் பெரும்பாலானவை தனித்து நின்று பயன் தருபவை அல்ல. அவை வேறிடத்தில், வேறொருவரால் செய்யப்பட்ட மற்றோர் உறுப்புடன் பொருந்தியாக வேண்டும். பொருந்தாவிடில், எவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்டிருப்பினும், அவை பழைய இரும்பின் விலைக்குத்தான் போகும். ஆணை கொடுக்கும் பெருந்தொழிற்சாலைக்கும் அதனை நிறைவேற்றும் சிறு தொழிற்கூடத்திற்கும் இடையே உள்ள ஒரே உறுதியான ஒப்பந்தம் வரைபடமே எனலாம். அந்த வரைபடம் இன்று காகிதத்தை விட்டுக் கணிப்பொறிக்குள் சென்றுவிட்டது. இந்த மாற்றத்தின் உண்மையான தன்மை என்ன என்பது, தொழில் வளர்ச்சித் திட்டங்களைக் கையாளும் அலுவலர்களுக்கும் பொறியியல் பயிலும் மாணவர்களுக்கும் இன்னும் போதிய அளவு தெளிவுபடவில்லை.

காகித வரைபடத்தின் இலக்கணம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சில் காஸ்பார் மோன்ழ் என்பவரால் வகுக்கப்பட்டது. ஒரு பொருளை முன்பக்கம், மேற்பக்கம், பக்கவாட்டு எனத் தட்டையான தோற்றங்களாகப் பிரித்து வரைவதே அதன் முறை. நம் நாட்டில் இதற்கான நெறிகளை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1988இல் எஸ்.பி. 46 என்னும் கையேடாகவே வெளியிட்டது. இம்முறையில் ஒரு குறை உண்டு. பொருள் காகிதத்தில் இல்லை. படிப்பவரின் மனத்தில்தான் அது உருவாக வேண்டும். படவரைவாளர் ஒரு கோட்டினை விட்டுவிட்டாலும் காகிதம் மறுப்புத் தெரிவிக்காது.

தொடக்க காலக் கணிப்பொறி வரைபடமும் இதே நிலையில்தான் இருந்தது. மேசைக்கும் டி-ஸ்குயருக்கும் பதிலாகத் திரை வந்தது, அவ்வளவே. திண்ம வடிவமைப்பு இதிலிருந்து அடிப்படையில் வேறுபட்டது. இங்கே கணிப்பொறியினுள் இருப்பது கோடுகளின் தொகுப்பு அன்று. உள்ளும் புறமும் எது என்று அறியப்பட்ட முழுமையான ஒரு பொருள். 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லாண்ட் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட், 1970களில் கேம்பிரிட்ஜிலும் ரோச்செஸ்டரிலும் நடைபெற்ற திண்ம வடிவ ஆய்வுகள், 1980களின் இறுதியில் சந்தைக்கு வந்த ப்ரோ-எஞ்சினியர் ஆகியவை இவ்வளர்ச்சியின் படிகள். கடைசியாகக் குறிப்பிட்டது கொண்டுவந்த கருத்தே இன்று எங்கும் நிலைபெற்றுள்ளது: பொருளின் வடிவத்தை மட்டுமன்றி, அவ்வடிவம் எந்த அளவுகளால், எந்த வரிசையில் உருவாயிற்று என்பதையும் கணிப்பொறி நினைவில் வைத்துக்கொள்கிறது.

ஓர் எளிய தாங்கி

இதனை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் காண்பது நலம். இயந்திரத்தின் படுகையில் நான்கு போல்ட்டுகளால் பொருத்தப்பட்டு, 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு தண்டினைச் செங்குத்தாகத் தாங்கும் வார்ப்பிரும்புத் தாங்கி ஒன்றைக் கருதுவோம். அதன் அடித்தட்டு 120 மி.மீ. நீளமும் 80 மி.மீ. அகலமும் 12 மி.மீ. தடிப்பும் கொண்டது. தட்டின் நடுவே 50 மி.மீ. விட்டத்தில் 30 மி.மீ. உயரத்திற்கு ஓர் உருளைப் பகுதி எழுகிறது. பட்டறையில் இதனைப் பாஸ் என்பர். இதன் நடுவே 25 மி.மீ. துளை அடிவரை செல்கிறது. நான்கு மூலைகளிலும் எம் 8 போல்ட்டுகளுக்காக 9 மி.மீ. துளைகள் உள்ளன. தட்டின் வெளி மூலைகள் 10 மி.மீ. ஆரத்திலும், உருளை தட்டுடன் சேரும் இடம் 5 மி.மீ. ஆரத்திலும் வளைக்கப்பட்டுள்ளன.

பயிற்சி பெற்றவருக்கு இதனை உருவாக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் எடுக்கப்படும் முடிவுகள்தாம் நம் கவனத்திற்குரியவை.

முதலில் ஒரு தளத்தின்மீது தட்டின் சுற்றுக்கோட்டினை வரைய வேண்டும். அது வெறும் செவ்வகம். ஆயினும் கணிப்பொறிக்கு அது நான்கு தனித்தனிக் கோடுகளே. ஒவ்வொரு கோட்டிற்கும் இரு முனைகள். ஒவ்வொரு முனையும் இரு திசைகளில் அசையக்கூடும். ஆக, உறுதி செய்யப்படாத அசைவுகள் 16. முனைகளை ஒன்றோடொன்று இணைத்தால் 8 குறைகின்றன. இரு கோடுகள் கிடையாகவும் இரு கோடுகள் குத்தாகவும் இருக்க வேண்டும் என விதித்தால் மேலும் 4 குறைகின்றன. நீளம் 120, அகலம் 80 என்னும் அளவுகள் இன்னும் இரண்டினைப் போக்குகின்றன. செவ்வகத்தின் மையம் தளத்தின் தொடக்கப் புள்ளியிலேயே அமைய வேண்டும் என்ற விதி மீதமுள்ள இரண்டினையும் நீக்குகிறது. இப்போது செவ்வகம் எப்பக்கமும் நகர இயலாது. ஃப்ரீகேட் என்னும் கட்டணமில்லா மென்பொருளில் இந்நிலையை எட்டியதும் கோடுகள் பச்சை நிறம் பெறுகின்றன. வடிவம் கண்ணுக்குச் சரியாகத் தெரிகிறது என்பதற்காக இந்தக் கணக்கினைப் பாதியில் விட்டுவிடுவோர் பலர். பின்னர் ஓர் அளவினை மாற்றும்போது செவ்வகம் கோணலாக இழுபடுவதைக் கண்டு மென்பொருளின்மீது பழி கூறுவர்.

இச்செவ்வகத்தை 12 மி.மீ. உயரத்திற்கு மேலே நீட்டினால் தட்டு கிடைக்கிறது. தட்டின் மேற்பரப்பில் 50 மி.மீ. வட்டம் வரைந்து 30 மி.மீ. நீட்டினால் உருளை சேர்கிறது. பின்னர் நடுத்துளை, மூலைத் துளைகள், இறுதியாக வளைவுகள். திரையின் ஓரத்தில் இச்செயல்கள் யாவும் வரிசையாக ஒரு பட்டியலாய் நிற்கும். இந்தப் பட்டியலே உண்மையில் உருவாக்கப்பட்ட பொருள். திரையில் தெரியும் உருவம் அப்பட்டியலின் விளைவு மட்டுமே.

நீளம் மாறும்போது

ஆணை கொடுத்தவர் ஒரு மாதம் கழித்து, தட்டின் நீளம் 120க்குப் பதிலாக 140 மி.மீ. இருக்க வேண்டும் என்று எழுதுகிறார் எனக் கொள்வோம். பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். பொருள் தானே மறுபடி உருவாகிவிடும். திண்ம வடிவமைப்பின் பெருமையாக விளம்பரங்களில் கூறப்படுவது இதுவே. ஆனால் நான்கு போல்ட் துளைகளும் என்ன ஆகும்?

முதலில் வரைந்தவர், துளையின் மையம் தட்டின் ஓரத்திலிருந்து 15 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும் என அளவு கொடுத்திருக்கலாம். அவ்வாறாயின் தட்டு நீளும்போது துளைகளும் ஓரங்களுடன் நகரும். நீளவாக்கில் துளைகளுக்கிடையே உள்ள தூரம் 90இலிருந்து 110 மி.மீ. ஆகிவிடும். அல்லது அவர், மையத்திலிருந்து இருபுறமும் 45 மி.மீ. என அளவு கொடுத்திருக்கலாம். அப்போது தட்டு நீண்டாலும் துளைகள் பழைய இடத்திலேயே நிற்கும். 120 மி.மீ. தட்டில் இவ்விரு முறைகளும் ஒரே உருவத்தையே தருகின்றன. எந்தக் கண்ணும் வேறுபாட்டினைக் காண இயலாது.

எது சரி? இயந்திரத்தின் படுகையில் 90 மி.மீ. இடைவெளியில் துளைகள் ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் இரண்டாவது முறையே சரி. முதல் முறையில் வரையப்பட்டிருந்தால், மாற்றிய அளவில் வார்க்கப்பட்டுத் துளையிடப்பட்ட தாங்கிகள் அனைத்தும் திருப்பி அனுப்பப்படும். மாறாக, படுகை இனிமேல்தான் தயாராகிறது, போல்ட்டுகள் இயன்றவரை விலகி நின்று அதிக உறுதி தரவேண்டும் என்றால் முதல் முறை பொருந்தும். தாங்கியின் பணி என்ன என்பதை அறிந்தவர் மட்டுமே இதனைத் தீர்மானிக்க முடியும். கணிப்பொறிக்கு இது தெரியாது, கேட்கவும் கேட்காது.

இத்தகைய மறைந்திருக்கும் முடிவுகள் இன்னும் உண்டு. போல்ட் துளையின் ஆழத்தை 12 மி.மீ. என எண்ணாகக் கொடுக்கலாம். முழுவதும் ஊடுருவுக எனவும் கட்டளையிடலாம். தட்டின் தடிப்பு 16 மி.மீ. ஆக உயர்த்தப்பட்டால், முதல் வகையில் துளையின் அடியில் 4 மி.மீ. இரும்பு அடைபட்டு நிற்கும். மேலிருந்து பார்க்கும்போது துளை துளையாகவே தெரியுமாதலால், இத்தவறு பெரும்பாலும் துளையிடும் இயந்திரத்தின் முன்னால்தான் வெளிப்படும்.

வளைவுகளை இறுதியில் அமைப்பதற்கும் காரணம் உண்டு. உருளையின் அடியில் உள்ள 5 மி.மீ. வளைவு அழகிற்காக அன்று. வார்ப்பிரும்பில் கூரிய உள்மூலை விரிசலுக்கு வித்திடும் என்பதால் அது தேவைப்படுகிறது. ஒரு வளைவு ஏதேனும் ஒரு விளிம்பினைப் பற்றிக்கொண்டே நிற்கும். முன்னர் உள்ள ஒரு செயல் மாறி அவ்விளிம்பு மறைந்தால், அல்லது கணிப்பொறி விளிம்புகளுக்கு இட்டிருந்த எண்கள் மாறிப்போனால், வளைவு அறுந்துவிடும். சில வேளைகளில் வேறொரு விளிம்பில் போய் ஒட்டிக்கொள்ளும். ஃப்ரீகேட் மென்பொருளைப் பல ஆண்டுகள் வாட்டிய இக்குறை, 2024 நவம்பரில் வெளிவந்த அதன் 1.0 பதிப்பில் பெருமளவு குறைக்கப்பட்டுள்ளது. ஆயினும், அடிப்படைச் செயல்களை முன்னும் நுண்ணிய செயல்களைப் பின்னும் வைப்பதே எந்த மென்பொருளிலும் பாதுகாப்பான வழி.

எடையும் விலையும்

திண்ம வடிவம் உருவானதும் அதன் கனஅளவைக் கணிப்பொறி நொடியில் கூறிவிடும். நம் தாங்கியின் கனஅளவு சுமார் 150.3 கன செ.மீ. வார்ப்பிரும்பின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.2 கிராம் எனக் கொண்டால், எடை 1.08 கிலோகிராம். இதே தாங்கியை ஒரு முழு இரும்புக் கட்டியிலிருந்து குடைந்தெடுப்பதாயின் 120 × 80 × 42 மி.மீ. கட்டி தேவை; அதன் எடை 2.9 கிலோ. வாங்கிய இரும்பில் ஏறத்தாழ 63 விழுக்காடு சீவலாகக் கழியும். வார்ப்பதே சிக்கனம் என்பது இதனால் விளங்கும்.

ஆனால் வார்ப்படச் சாலைக்கு இறுதி வடிவம் உதவாது. அதற்கு வேண்டுவது வார்ப்பின் வடிவம். சிறு துளைகள் வார்ப்பில் வருவதில்லை, பின்னர்தான் இடப்படுகின்றன. தட்டின் அடிப்பரப்பிலும் உருளையின் மேற்பரப்பிலும் இழைப்பதற்காக 3 மி.மீ. கூடுதல் உலோகம் விடவேண்டும். மணலிலிருந்து பேட்டர்னைச் சிதையாமல் உருவ, பக்கங்களில் சிறு சரிவு தேவை. உருகிய இரும்பு குளிரும்போது ஏறத்தாழ ஒரு விழுக்காடு சுருங்குமாதலால், 120 மி.மீ. தட்டிற்குப் பேட்டர்ன் 121.2 மி.மீ. இருத்தல் வேண்டும். முன்னாளில் பேட்டர்ன் செய்யும் தச்சர் இதற்கெனச் சற்றே நீட்டப்பட்ட தனி அளவுகோலை வைத்திருந்தார். இன்று இறுதி வடிவத்திலிருந்தே பெருக்கி, துளைகளை மூடி, வார்ப்பு வடிவத்தைப் பெறலாம். இறுதி வடிவம் திருத்தப்பட்டால் வார்ப்பு வடிவமும் உடன் திருந்தும்.

பக்கச் சரிவினை விட்டுக் கணக்கிட்டால், துளைகள் அற்ற இவ்வார்ப்பின் எடை 1.5 கிலோ. அதாவது ஒவ்வொரு தாங்கியிலும் சுமார் 418 கிராம் இரும்பு சீவலாகப் போகிறது. 5,000 தாங்கிகள் கொண்ட ஆணையில் இது இரண்டு டன்னுக்கும் சற்று மிகுதி. நடுத்துளையை மட்டும் 19 மி.மீ. மணற்கருவினை வைத்து வார்த்தால், தாங்கிக்கு 98 கிராம் வீதம் 490 கிலோ மிச்சமாகும். மணற்கரு செய்யும் செலவு அந்த மிச்சத்தை விழுங்குமா என்பதை, முதல் வார்ப்பினை ஊற்றும் முன்னரே காகிதத்தில் முடிவு செய்யலாம். வார்ப்புகள் கிலோ விலையில் வாங்கப்படும் நம் சிறுதொழில்களில், விலைக்கூறு அளிப்பவருக்கு இக்கணக்கின் பயன் பெரிது. திண்ம வடிவத்தை அழகிய படமாக அச்சிட்டு அலுவலகச் சுவரில் மாட்டுவோர் இதனைச் செய்யாமல் விடுவது வியப்பிற்குரியது.

25 என்றால் என்ன?

திரையில் துளையின் விட்டம் 25 என்றால் அது 25.000தான். பட்டறையில் அப்படியொரு துளை கிடையாது. எந்தத் துளையும் சற்றே கூடவோ குறையவோதான் இருக்கும். எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதே கேள்வி. தண்டு வழுக்கிச் செல்ல வேண்டும் எனில், துளைக்கு எச் 7 என்னும் தர வரம்பினைக் குறிப்பது வழக்கம். அதன்படி துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். தண்டிற்கு ஜி 6 வரம்பு எனில், 24.980 முதல் 24.993 வரை. இடைவெளி மிகக் குறைந்தது 0.007, மிகக் கூடியது 0.041 மி.மீ.

இந்த எண்கள் திண்ம வடிவத்தில் தாமே தோன்றா. வரைபவர் அவற்றைக் குறித்தாக வேண்டும். எங்கே எவ்வளவு வேண்டும் என்பதே செலவினைத் தீர்மானிக்கிறது. 9 மி.மீ. போல்ட் துளைக்கும் 0.021 மி.மீ. துல்லியம் கேட்பவர், தேவையற்ற துல்லியத்திற்குப் பணம் செலுத்துகிறார். எதையும் குறிக்காதவர் கிடைத்ததை ஏற்கிறார். கணிப்பொறி வடிவம் வந்துவிட்டதால் அளவுகள் குறித்த வரைபடமே இனி வேண்டியதில்லை என்று கூறுவோரும் உளர். ஆய்வுப் பிரிவில் மைக்ரோமீட்டரைக் கையில் வைத்திருப்பவர் எதனை எதனோடு ஒப்பிடுவது என்பதை அவர்கள் விளக்குவதில்லை.

தேய்ந்த பாகமும் இழந்த வரைபடமும்

நம் பொதுத்துறை ஆலைகளிலும் பிற பழைய தொழிற்சாலைகளிலும், இறக்குமதியான இயந்திரங்கள் பல தம் வரைபடங்களின்றியே இயங்கி வருகின்றன. உதிரிப்பாகம் உடைந்தால், உடைந்ததையே அளந்து புதியதைச் செய்யும்படி சிறு தொழிற்கூடத்திடம் தருவர். அயல்நாட்டுச் செலாவணி மிச்சமாகும் நல்ல வழிதான். ஆனால் தேய்ந்த துளையை அளந்தால் 25.3 என்று காட்டும். அதை அப்படியே திரையில் ஏற்றுபவர் தேய்மானத்தையே உற்பத்தி செய்கிறார். 25 என்பது நிலையான தண்டு அளவு, மீதி தேய்மானம் என்று உணர்பவரே பாகத்தினைச் செய்கிறார். நுண்ணிய ஒளி வருடும் கருவிகள் இன்று பல்லாயிரம் புள்ளிகளைத் திரட்டித் தரவல்லவை. எனினும் அப்புள்ளிகளுக்குள் ஒரு வட்டம், ஒரு நேர்கோடு, ஒரு முழு எண் மறைந்திருப்பதைக் கண்டறிதல் மனிதரின் வேலையாகவே உள்ளது.

இவ்வாறு உருவான கோப்பு யாருடையது என்பதும் எண்ணத்தக்கது. வணிக மென்பொருள்கள் ஒவ்வொன்றும் தமக்கெனத் தனிக் கோப்பு வடிவத்தைக் கொண்டவை. ஆண்டுச் சந்தா நின்றால், சொந்தப் பாகத்தின் பட்டியலையே திறந்து திருத்த இயலாத நிலை ஏற்படலாம். 1994 முதல் ஐ.எஸ்.ஓ. 10303 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாக விளங்கும் ஸ்டெப் வடிவம் இதற்கு ஓரளவு தீர்வு. அதில் பொருளின் வடிவம் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றிற்குத் துல்லியமாகச் செல்லும். அது உருவான வரலாறு பொதுவாகச் செல்வதில்லை. மேலே கண்ட தாங்கியை ஸ்டெப் கோப்பாகப் பெறுபவர் துளைகளைக் காண்பார். அவை ஓரத்தைப் பற்றியவையா, மையத்தைப் பற்றியவையா என்பதை அறியார். முப்பரிமாண அச்சு இயந்திரங்களுக்கு அனுப்பப்படும் எஸ்.டி.எல். கோப்பில் இதுவும் இல்லை. வட்டம்கூடச் சிறுசிறு முக்கோணங்களாய் உடைந்து நிற்கும். எனவே அரசுத் துறைகள் வடிவமைப்பிற்குப் பணம் செலுத்தும்போது, மூலக் கோப்பு, ஸ்டெப் கோப்பு, அளவு வரம்புகள் குறித்த வரைபடம் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்தில் பெயர் சொல்லிக் கேட்பது முறை. எந்த நிறுவனத்தின் மென்பொருளில் செய்ய வேண்டும் என்று மட்டும் எழுதி, இவற்றை விட்டுவிடும் ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு வாங்குபவரின் நலனைக் காப்பதாகாது.

பயிற்சிக்கு நம் நாட்டில் அமைப்புகள் இல்லாமல் இல்லை. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயந்திரவியல் படவரைவாளர் பயிற்சி இரண்டாண்டுகள் அளிக்கப்படுகிறது. 1968இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம், பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு ஆகியவற்றின் உதவியுடன் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட மத்தியக் கருவி வடிவமைப்பு நிறுவனமும், லூதியானா, கொல்கத்தா, புவனேசுவரம் முதலிய இடங்களில் உள்ள கருவிக் கூடங்களும் இத்துறையில் பெயர் பெற்றவை. மென்பொருளின் விலையும் முன்போல் முழுத் தடையாக இல்லை. ஃப்ரீகேட் போன்றவற்றை எந்தத் தொழிற்பயிற்சி நிலையமும் கட்டணமின்றி நிறுவிக்கொள்ளலாம். பயின்றவர் வீட்டிற்குச் சென்றபின்னும் அதே கருவி அவரிடம் இருக்கும்.

குறை வேறிடத்தில் உள்ளது. குறுகிய காலப் பயிற்சிகள் பலவற்றில் கட்டளைகளே கற்பிக்கப்படுகின்றன: எந்தப் பொத்தானை அழுத்தினால் நீளும், எதனை அழுத்தினால் துளை விழும். தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து, அதைப் போலவே திரையில் உருவாக்கச் சொல்கின்றனர். உருவம் ஒத்திருந்தால் முழு மதிப்பெண். மேலே கண்ட தாங்கியில் துளைகளை எவ்வாறு வரையறுத்த மாணவரும் இத்தேர்வில் வெற்றி பெறுவார். மாறாக, பாகத்தின் பணியை இரண்டு வரிகளில் கூறி, முடித்த கோப்பினைப் பெற்று, நீளத்தை 140 ஆகவும் தடிப்பை 16 ஆகவும் தேர்வாளரே மாற்றிப் பார்த்தால், துளைகள் எங்கே போய் நிற்கின்றன என்பது தெரிந்துவிடும். ஒரு மாணவருக்கு இதற்குத் தேவைப்படும் நேரம் ஐந்து நிமிடத்திற்கு மேற்படாது. புதிய இயந்திரமோ கூடுதல் நிதி ஒதுக்கீடோ தேவையில்லை.